கை வலித்தால் லினக்ஸை விடு என்பவர்களுக்கு ஒரு மறுப்பு

“எர்கோனாமிக் விசைப்பலகை வேண்டுமா? லினக்ஸை மறந்துவிடு. லினக்ஸ்தான் வேண்டுமா? சாதாரண விசைப்பலகையோடு காலம் தள்ளு.” மென்பொருள் அலுவலகங்களிலும் கணினிக் கடைகளிலும் இந்த அறிவுரை சட்டம்போலச் சொல்லப்படுகிறது. சொல்பவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் அறிவுரை தவறு. மணிக்கட்டு நோவோடு வந்து நிற்பவரிடம் சொல்லப்படும்போது அது தவறோடு நிற்பதில்லை, தீங்கும் செய்கிறது.

அவர்கள் தரப்பை முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எர்கோனாமிக் விசைப்பலகைகள் வளைந்தோ இரண்டாகப் பிரிந்தோ இருக்கும். அவற்றில் வழக்கமான எழுத்து விசைகளைத் தவிர உருட்டிகள், விருப்ப விசைகள், அடுக்கு மாற்றும் விசைகள் என்று பலவும் இருக்கும். இவற்றை அமைத்துக்கொள்ள நிறுவனங்கள் தரும் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் மேக்குக்கும்தான் வருகிறது. லினக்ஸில் சில விசைகள் அழுத்தினாலும் பேசாமல் கிடக்கின்றன. சரிசெய்யப் போனால் டெர்மினல், கட்டளை, அனுமதி மறுப்பு என்று ஒரு நாள் போய்விடுகிறது. ஏற்கெனவே கை வலிப்பவரை இந்த வேலைக்கு இழுத்துவிடுவது கொடுமை. ஆகவே நல்ல விசைப்பலகை வேண்டுமென்றால் நல்ல மென்பொருள் கிடைக்கும் இயங்குதளத்துக்குப் போய்விடுவதே புத்திசாலித்தனம்.

இந்த வாதத்தில் உண்மைகள் இருக்கின்றன. பேசாத விசைகள் உண்டு. நிறுவன மென்பொருள் வராததும் உண்மை. ஆனால் அந்த உண்மைகளிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவு வரவில்லை. என் மறுப்புகளை வரிசையாக வைக்கிறேன்.

1. “வேலை செய்யாது” என்பது முதலில் தகவலாகவே பிழை.

யூஎஸ்பி விசைப்பலகை எதுவானாலும் அது கணினியோடு பேசும் மொழி ஒன்றுதான். ஹெச்ஐடி என்ற பொதுத்தரம் அது. அதன் 1.11 பதிப்பு 2001இல் வெளியானது. அந்தத் தரத்தின் அடிப்படை வடிவத்தில் விசைப்பலகை அனுப்பும் செய்தி மொத்தமே 8 பைட். முதல் பைட்டில் ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்ற எட்டு விசைகளின் நிலை. இரண்டாவது காலி. மீதி ஆறு பைட்டுகளில் ஒரே நேரத்தில் அழுத்தப்பட்ட ஆறு விசைகளின் எண்கள். இந்தச் செய்தியில் விசைப்பலகை வளைந்திருக்கிறதா, நடுவே பிளந்திருக்கிறதா, கூடாரம்போல உயர்ந்திருக்கிறதா என்று சொல்ல இடமே கிடையாது. இயங்குதளத்துக்கு அது தெரியவும் தேவையில்லை.

எர்கோனாமிக் விசைப்பலகையின் பயன் எங்கே இருக்கிறது? சாதாரணப் பலகையில் இரு கைகளும் நடுவில் குவியும்போது மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக வளைகிறது. பலகை பிரிந்திருந்தால் அந்த வளைவு குறைகிறது. நடுப்பகுதி உயர்ந்திருந்தால் முன்கை முறுக்கிக்கொள்வது குறைகிறது. இந்தப் பயன் முழுக்க பிளாஸ்டிக்கின் வடிவத்தில் இருக்கிறது. அதற்கு டிரைவர் வேண்டாம், மென்பொருள் வேண்டாம். செருகிய கணமே, எந்த லினக்ஸிலும், கைக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிடுகிறது. எஞ்சுவது கூடுதல் விசைகளின் பிரச்சினை மட்டுமே. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி “விசைப்பலகையே வேலை செய்யாது” என்று பேசுவது கேட்பவரை ஏமாற்றுவது.

2. பேசாத விசையை ஆதாரமாகக் காட்டுகிறீர்களா? அந்த ஆதாரத்தையே எடுத்துக்கொள்வோம்.

இந்தக் குற்றச்சாட்டில் அடிக்கடி காட்டப்படும் சாட்சி, மைக்ரோசாஃப்ட் 2005இல் கொண்டுவந்த நேச்சுரல் எர்கோனாமிக் கீபோர்டு 4000. அதன் நடுவில் ஒரு ஜூம் உருட்டி இருக்கிறது. லினக்ஸில் அதைத் தள்ளினால் நெடுங்காலம் எதுவும் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று பாருங்கள்.

லினக்ஸின் மையமான கர்னல் அந்த உருட்டியை அறியும். மேலே தள்ளினால் 418, கீழே இழுத்தால் 419 என்ற எண்ணை அது மேலடுக்குக்கு அனுப்புகிறது. இவிடெஸ்ட் என்ற சிறு கருவியை ஓட்டினால் அந்த எண்கள் திரையில் வந்து விழுவதைக் கண்ணால் காணலாம். ஆனால் மேலே இருக்கும் எக்ஸ் என்ற திரை அமைப்பு 1987இல் வகுக்கப்பட்ட நெறிமுறையில் நடக்கிறது. அதில் விசை எண்ணுக்கு ஒரே ஒரு பைட்தான் இடம். 8 முதல் 255 வரை மட்டுமே செல்லும். கர்னல் எண்ணோடு எட்டைக் கூட்டி எக்ஸ் வைத்துக்கொள்வதால் 418 என்பது 426 ஆகிறது. 255ஐத் தாண்டிய எண் வாசலிலேயே நின்றுவிடுகிறது. பழுது மொத்தமும் இவ்வளவுதான்.

தீர்வும் அந்த அளவே. லினக்ஸில் கருவிகளை நிர்வகிக்கும் யூடெவ் என்ற பகுதியின் வன்பொருள் தரவுத்தளத்தில் மூன்று வரி எழுத வேண்டும். முதல் வரியில் இந்தக் கருவியின் அடையாளம். மற்ற இரண்டு வரிகளில் உருட்டியின் இரு திசைகளும் பேஜ் அப், பேஜ் டவுன் என்று மாற்றப்படுகின்றன. பிறகு தரவுத்தளத்தைப் புதுப்பிக்க ஒரு கட்டளை, கருவிக்கு அதைத் தெரிவிக்க இன்னொன்று. அதன் பின் பலகையைக் கழற்றி மாட்டினாலும், கணினியை அணைத்துப் போட்டாலும் மாற்றம் நிலைக்கிறது. வேலேண்ட் என்ற புதிய திரை அமைப்பின் நெறிமுறையில் 255 என்ற அந்த வரம்பே இல்லை.

அதே விசைப்பலகையில் மேல்வரிசையில் 1 முதல் 5 வரை எண்ணிட்ட விருப்ப விசைகள் உண்டு. இவற்றைப் பொதுத்தரத்தில் இல்லாத சொந்தக் குறியீட்டில் அந்த நிறுவனம் அனுப்பியது. லினக்ஸ் கர்னலில் மைக்ரோசாஃப்ட் கருவிகளுக்கென்றே இருக்கும் டிரைவர் அந்தக் குறியீட்டைப் படித்து, ஐந்தையும் எஃப்14 முதல் எஃப்18 வரையிலான விசைகளாக மாற்றிக் கொடுக்கிறது. “ஆதரவே இல்லை” என்று சொல்லப்படும் இடத்தில், நிறுவனம் தனக்கென்று வைத்துக்கொண்ட குறியீட்டையும் படிக்கும் டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது.

3. “விண்டோஸில் எல்லாம் தானாக நடக்கும்” என்பது பாதிக் கதை.

அதே உருட்டி விண்டோஸில் ஜூம் செய்தது, உண்மைதான். ஆனால் பக்கத்தை நகர்த்தவே அந்த உருட்டி வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு நிறுவனத்தின் அமைப்புத் திரையில் வழி இல்லை. அவர்கள் அந்த மென்பொருளின் கோப்புறைக்குள் போய், அங்கிருந்த எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்து, உரிய வரிகளைத் தேடித் திருத்தினார்கள். இங்கேயும் ஒரு கோப்பு, அங்கேயும் ஒரு கோப்பு. வேறுபாடு இதுதான்: லினக்ஸில் அந்தக் கோப்பு பயனர் எழுதுவதற்கென்றே ஆவணப்படுத்தி வைக்கப்பட்டது. விண்டோஸில் அது பயனர் திறப்பார் என்று யாரும் எதிர்பார்க்காத உள்கோப்பு.

விரும்பியதைச் செய்ய விரும்பும் கணமே எந்தத் தளத்திலும் உழைப்பு தேவைப்படுகிறது. நிறுவனம் நினைத்ததை மட்டும் செய்துகொண்டு திருப்தியாக இருப்பவருக்கே “தானாக நடக்கும்” என்ற வாக்கு பொருந்தும். கை வலிப்பவர் அந்த வகை அல்லர். எந்த விரல் நோகிறதோ அந்த விரலிலிருந்து வேலையை எடுத்து வேறு விரலுக்குக் கொடுக்க வேண்டியவர் அவர். அவருடைய தேவை எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் முன்கூட்டியே இருக்காது.

4. நிறுவன மென்பொருள் இல்லை என்று அழுகிறவர்கள், தங்கள் அமைப்பு எங்கே வாழ்கிறது என்று கேட்டதுண்டா?

விசை மாற்றங்கள் வாழ மூன்று இடங்கள் உண்டு: நிறுவனத்தின் மென்பொருளுக்குள், இயங்குதளத்தின் திறந்த கோப்புகளில், விசைப்பலகையின் சொந்த நினைவகத்தில். முதல் இடமே மிக மோசமானது. கணினி மாறினால் அமைப்பு போயிற்று. அலுவலகக் கணினியில் அந்த மென்பொருளை நிறுவ அனுமதி இல்லையென்றால் விசைப்பலகை பாதிப் பலகையாகிவிடும்.

மூன்றாவது இடமே சிறந்தது. கினெசிஸ் நிறுவனத்தின் அட்வான்டேஜ்2 விசைப்பலகை தன் அமைப்பைச் சாதாரண உரைக் கோப்பாகத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. கணினிக்கு அது பென் டிரைவ் போலத் தெரியும். எந்த உரைத் திருத்தியிலும் திறந்து மாற்றலாம். எர்கோடாக்ஸ் வகைப் பலகைகளுக்குள் ஓடும் நிரலான க்யூஎம்கே ஃபர்ம்வேர் ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள். கம்பியில்லாப் பலகைகளுக்கென்று எழுதப்பட்ட இசட்எம்கே எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது. இவற்றை லினக்ஸிலேயே தொகுத்து லினக்ஸிலிருந்தே பலகைக்குள் ஏற்றலாம். ஏற்றிய பிறகு அந்தப் பலகைக்கு எந்த இயங்குதளத்தின் தயவும் வேண்டாம்.

இதன் விளைவு வசதியோடு முடிவதில்லை. வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்து வைத்திருக்கும் லினக்ஸ் கணினியில், பயனர் திரை வருவதற்கு முன்பே கடவுச்சொல் கேட்கப்படும். அந்த நேரத்தில் நிறுவன மென்பொருள் எதுவும் ஓடாது. பலகைக்குள்ளேயே இருக்கும் அமைப்பு மட்டும் அங்கும் அப்படியே இருக்கும். ஆகவே நல்ல விசைப்பலகைக்கு அடையாளம் நல்ல மென்பொருளோடு வருவது என்ற எண்ணமே தலைகீழானது. தனக்கென்று மென்பொருள் எதுவும் தேவைப்படாததே நல்ல விசைப்பலகை.

5. “டெர்மினல் தெரிந்தவர்களுக்கு மட்டும்” என்ற பயம் பெரும்பாலும் பழைய வழிகாட்டிகள் விதைத்தது.

எக்ஸ்மாட்மேப் என்ற பழைய கருவியைப் பரிந்துரைக்கும் குறிப்புகள் இன்றும் சுற்றி வருகின்றன. அதில் செய்த மாற்றம் விசைப்பலகையைக் கழற்றி மாட்டினாலே அழிந்துவிடக்கூடும். வேலேண்டில் அது பயன்படாது. இப்படி ஒரு குறிப்பைப் பின்பற்றித் தோற்றவர் லினக்ஸைக் குற்றம் சொல்கிறார். குற்றம் அந்தக் குறிப்பின் வயதில் இருக்கிறது.

இன்றைய வழி நேரானது. முதலில் இவிடெஸ்ட்டில் விசையை அழுத்திப் பாருங்கள். அங்கே எண் வரவில்லையென்றால் பிரச்சினை கர்னல் மட்டத்திலோ பலகையிலோ இருக்கிறது. எண் வந்து, திரை அமைப்பில் வரவில்லையென்றால் யூடெவ் தரவுத்தளத்தில் மாற்றுங்கள். அங்கும் வந்து, செயலியில் வேலை செய்யவில்லையென்றால் டெஸ்க்டாப்பின் குறுக்குவிசை அமைப்பைப் பாருங்கள். மூன்றே கேள்விகள். இதற்கு நிபுணத்துவம் வேண்டாம், வரிசை தவறாமல் இருந்தால் போதும்.

இன்னும் நுணுக்கமான மாற்றம் வேண்டுபவர்களுக்குக் கீடி, கனாட்டா போன்ற கருவிகள் இருக்கின்றன. அவை திரை அமைப்புக்குக் கீழே, கர்னலின் உள்ளீட்டு அடுக்கிலேயே விசைகளை வாங்கி மாற்றி அனுப்புவதால் எக்ஸ், வேலேண்ட் என்ற பேதம் அவற்றுக்கு இல்லை. கேப்ஸ் லாக்கைத் தட்டினால் எஸ்கேப், பிடித்திருந்தால் கன்ட்ரோல் என்று ஆக்கலாம். புதிய பலகை வாங்கக் காசில்லாதவர் கையிலிருக்கும் மடிக்கணினியின் விசைப்பலகையிலேயே சுண்டுவிரலின் பாரத்தை இப்படிக் குறைக்க முடியும். கை நோவுக்கு முதல் உதவி இலவசமாகக் கிடைக்கும் தளத்தை விட்டுப் போகச் சொல்வதில் என்ன நியாயம்?

அனுமதி மறுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உலாவி வழியாகப் பலகையை அமைக்கும்போதோ ஃபர்ம்வேர் ஏற்றும்போதோ லினக்ஸ் தடுக்கிறது என்று புகார். தடுக்கத்தான் வேண்டும். கடவுச்சொற்கள் எல்லாம் கடந்து போகும் கருவி விசைப்பலகை. எந்த நிரலும் அதனோடு நேரடியாகப் பேசலாம் என்றால் ஒட்டுக்கேட்கும் நிரலும் பேசும். கணினியின் முன் உட்கார்ந்து உள்நுழைந்திருப்பவருக்கு மட்டும் அனுமதி தரும் யூடெவ் விதி ஒரே வரி. விதிக் கோப்பின் பெயர் 73க்குக் குறைவான எண்ணில் தொடங்க வேண்டும். 99 என்று பெயரிட்டால் காலம் கடந்து படிக்கப்பட்டு அந்த அனுமதி பலிக்காமல் போகும். தோற்றவர்கள் தங்கள் கோப்பின் பெயரை ஒருமுறை பார்ப்பது நல்லது.

6. தமிழில் தட்டச்சு செய்பவருக்கு இந்த அறிவுரை இரட்டிப்புத் தவறு.

1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 அமைப்பே கையை நினைத்து வகுக்கப்பட்டது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். உயிர்மெய் எழுதும்போது வேலை இரு கைகளுக்கும் மாறி மாறிப் போகிறது. பிரிந்த விசைப்பலகைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு அரிது. லினக்ஸில் ஐபஸ், எம்17என் என்ற உள்ளீட்டுக் கருவிகள் வழியாகத் தமிழ்99 கிடைக்கிறது. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலெழுத்துக்குத் தானாகப் புள்ளி வைக்கும் வேலையை அந்த உள்ளீட்டு முறை பார்த்துக்கொள்கிறது. பலகையின் வடிவத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. இயங்குதளத்தைக் குறை சொல்பவர்கள் கவனிக்காத சிக்கல். தமிழ்99இல் ‘ச’வும் ‘ஞ’வும் ஆங்கிலப் பலகையின் சதுர அடைப்புக்குறி விசைகளில் உட்கார்ந்திருக்கின்றன. 42 விசைகள் கொண்ட கார்ன் போன்ற சிறு பலகையில் அந்த இரண்டு விசைகளும் இல்லை. அதாவது பலகையை வாங்கி மாட்டியதும் ‘ச’ எழுத நேரடி விசை கிடையாது. விண்டோஸுக்கு மாறினாலும் கிடையாது, மேக்குக்கு மாறினாலும் கிடையாது. ‘ச’ எங்கே போயிற்று என்று எந்த நிறுவனத்தின் மென்பொருளும் கவலைப்படப் போவதில்லை.

தீர்வு திறந்த ஃபர்ம்வேரில் இருக்கிறது. வலக்கை மேல்மூலையில் இருக்கும் பேக்ஸ்பேஸைக் கட்டைவிரல் விசைக்கு இறக்கிவிட்டு, அந்த இடத்தில் அடைப்புக்குறியை வையுங்கள். ‘ச’ தன் பழைய இடமான ‘ண’வுக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். ‘ஞ’வை இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தும் கூட்டாக வைத்துக்கொள்ளலாம். தமிழருக்கு முக்கியமானது தளத்தின் பெயரில்லை. பலகை திறந்ததா என்பதே.

7. நிறுவனத்தை நம்பு என்பவர்கள், நிறுவனம் போன பிறகு என்ன என்று சொல்வதில்லை.

மைக்ரோசாஃப்ட் தன் பெயரில் விசைப்பலகைகள் விற்பதை நிறுத்துவதாக 2023இல் அறிவித்தது. அடுத்த ஆண்டு இன்கேஸ் நிறுவனம் அந்த வடிவமைப்புகளைத் தொடர்ந்து தயாரிப்பதாகச் சொன்னது. 1994இல் வந்த முதல் நேச்சுரல் கீபோர்டிலிருந்து அந்தப் பெயரை நம்பி வந்தவர்கள், தங்கள் கருவியின் எதிர்காலம் ஒரே அறிவிப்பில் கைமாறியதைப் பார்த்தார்கள். அதனோடு வரும் மென்பொருள் எத்தனை ஆண்டு ஓடும் என்பது எப்போதும் நிறுவனத்தின் முடிவு. லினக்ஸ் கர்னலில் உள்ள டிரைவரோ மூலநிரலாகத் திறந்து கிடக்கிறது. வேண்டுபவர் ஒருவர் இருக்கும்வரை அதைத் தூக்கிப் பிடிக்க வழி உண்டு. நல்ல விசைப்பலகையைப் பல ஆண்டுகள் வைத்துப் பயன்படுத்துகிறோம். அத்தனை ஆண்டுகளும் எது உடன் நிற்கும் என்று பார்த்து முடிவெடுப்பதே புத்திசாலித்தனம்.

எல்லாப் பழியையும் தள்ளிவிட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். உண்மையான குறை ஒன்று எஞ்சுகிறது. சில நிறுவனங்கள் தங்கள் பலகையின் அமைப்பையும் ஃபர்ம்வேர் புதுப்பிப்பையும் விண்டோஸ், மேக் மென்பொருளோடு கட்டிப்போடுகின்றன. லாஜிடெக்கின் ஆப்ஷன்ஸ் பிளஸ் மென்பொருள் லினக்ஸுக்கு வருவதில்லை. அந்த நிறுவனத்தின் கருவிகளை லினக்ஸில் அமைக்க உதவும் சோலார் என்ற கருவியைத் தன்னார்வலர்கள்தான் பராமரிக்கிறார்கள். இந்தக் கட்டுப்பாட்டை விதிப்பது நிறுவனம். அதை இயங்குதளத்தின் இயலாமை என்று சொல்லும்போது கதவைப் பூட்டியவரை விட்டுவிட்டு வெளியே நிற்பவரைத் திட்டுகிறோம்.

லினக்ஸை விடு என்ற இந்தத் தவறான முடிவுக்கு விளைவும் உண்டு. லினக்ஸ்காரர்கள் எர்கோனாமிக் பலகை வாங்க மாட்டார்கள் என்று நிறுவனங்கள் நினைத்துக்கொள்ளும். பூட்டைத் திறக்க அவற்றுக்கு எந்த நெருக்கடியும் வராது. வலியோடு இருப்பவர் தன் கையா, தன் சுதந்திரமா என்று தேர்ந்தெடுக்க நிர்ப்பந்திக்கப்படுவார். அந்தத் தேர்வே தேவையற்றது என்பதைத்தான் மேலே காட்டினேன்.

ஆகவே அடுத்த முறை யாராவது கேட்டால், எந்த இயங்குதளம் என்று விசாரிப்பதை நிறுத்துங்கள். பலகையைப் பற்றி நான்கு கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். அமைப்பு பலகைக்குள்ளேயே சேமிக்கப்படுகிறதா? ஃபர்ம்வேரின் மூலநிரல் திறந்ததா? மென்பொருள் எதுவும் நிறுவாமல் எல்லா விசைகளும் பேசுகின்றனவா? தமிழ்99இல் எழுதுபவருக்கு ‘ச’வுக்கும் ‘ஞ’வுக்கும் இடம் இருக்கிறதா, இல்லையென்றால் உருவாக்க முடியுமா? நான்குக்கும் ஆம் என்று பதில் தரும் பலகை லினக்ஸில் வேலை செய்யும். ‘இல்லை’ என்று சொல்லும் பலகையை எந்தத் தளத்துக்காகவும் வாங்காதீர்கள்.